மாப்பிள்ளையின் எதிர்ப்பு சக்தி

“அந்த டப்பாவை அப்படியே கீழ கொண்டு போயிடுங்க. என் மாப்பிள்ளை இதையெல்லாம் சாப்பிட மாட்டார்.”

கதவைப் பாதி மட்டும் திறந்து, குறுக்கே நின்றுகொண்டிருந்தார் மாமியார். பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில் இறக்கிவிடும் அதே குரல் வீட்டிலும்.

மூன்று மாடி ஏறி வந்த கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் மசாலாக் கடை திறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எந்த வீட்டில் இருமல், எந்த வீட்டில் தும்மல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“அம்மா, கட்டடமே லொக்கு லொக்குன்னு இருமுது. தம்பி வேற வெளுத்துப்போய்க் கிடக்கார். மஞ்சள், மிளகு, சுக்கு, பட்டை, கிராம்பு எல்லாம் நானே வறுத்து அரைச்சேன். காலையில ரெண்டு ஸ்பூன், சாயங்காலம் ரெண்டு ஸ்பூன். பத்தே நாள்! எதிர்ப்பு சக்தி ஜிவ்வுன்னு ஏறும்.”

“ஏற வேண்டாம்.”

“என்னது?”

“ஏற வேண்டாம்னேன். இருக்கிறதே ஜாஸ்தி.”

கடைக்காரரின் முப்பது வருட வியாபாரத்தில் விலை அதிகம் என்றவர்கள் உண்டு, காரம் தூக்கல் என்றவர்களும் உண்டு. எதிர்ப்பு சக்தியே வேண்டாம் என்ற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

“யாரு அத்தை? நம்ம கடை அண்ணனா? உள்ள வரச் சொல்லுங்க.”

மாமியார் வேண்டா வெறுப்பாக வழி விட்டார். “உங்களுக்கு இருமல் கிருமல் இல்லையே? இல்லைன்னா சரி. அந்த நாற்காலியில, தள்ளி உட்காருங்க.”

முகக்கவசம் அணிந்த தையல்காரர், மெஷினில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டுக் கைகூப்பினார். கடை திறந்த அன்று கடைக்காரரின் சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தபோது, ஓடி வந்து அங்கேயே தைத்துக் கொடுத்தவர் அவர். அந்தப் பாசம் கடைக்காரருக்கு.

அதற்குள் போன் வந்தது. மாமியார் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். இதுதான் சமயம் என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, மனசு கேட்கல. நேத்து என் கடை வாசல்ல வாங்கின பழச்சாறை உங்க கையிலேர்ந்து பிடுங்கிட்டாங்க. எதிர்வீட்டு விருந்துக்கு விடல. எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்கன்னு கணக்குக் கேட்கிறாங்களாமே? நீங்க மாப்பிள்ளையா, கைதியா?”

தையல்காரரின் கண்கள் சிரித்தன. “நல்லதுக்குத்தான் அண்ணே.”

“என்ன நல்லது? எனக்கும் மாமியார் உண்டு. வருஷத்துல நாலு நாள் வருவாங்க. அதுக்கே எனக்கு விழி பிதுங்கும். நீங்க நாள் முழுக்கச் சுமக்கிறீங்க!”

“சுமக்கிறது என்னவோ உண்மைதான். ஆனா பாரமாத் தெரியல.”

“பூனைக்கு யாராவது மணி கட்டணும் தம்பி. ஒரே ஒரு தடவை எதிர்த்து நில்லுங்க. இந்தாங்க, முதல் ஸ்பூனை என் முன்னாலேயே போடுங்க.”

டப்பா திறந்ததும் அறை முழுக்க மணம் கமழ்ந்தது. தையல்காரர் கண்ணை மூடி ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்தார். கடைக்காரர் ஸ்பூனை நிரப்பி நீட்டவும், பின்னாலிருந்து வந்த கை அதை வெடுக்கென்று பறித்தது.

“நான் இந்தப் பக்கம் திரும்பினா நீங்க அந்தப் பக்கம் வேலையைக் காட்டுறீங்களா?” என்றார் மாமியார்.

கடைக்காரருக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. துள்ளி எழுந்தார்.

“இது அநியாயம்மா! அவர் வாய், அவர் உடம்பு. அதுல உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?”

மாமியாருக்குக் கோபம் வரவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் குபீரென்று சிரித்தார்கள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. சமையலுக்குச் சிட்டிகை போட்டா தப்பில்ல. இப்படி ஸ்பூன் ஸ்பூனா சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தான் நான் தினமும் மாத்திரையே போடுறேன்,” என்ற தையல்காரர், இடுப்பின் வலப்பக்கத்தை மெல்லத் தொட்டுக் காட்டினார்.

“அது ஏறிச்சுன்னா முதல்ல எதிர்க்கப் போறது, ஆறு மாசம் முன்னாடி இங்க வச்ச எங்க அத்தையோட சிறுநீரகத்தைத்தான்!”