அப்பாவின் காதுக்குப் போகும் குரல்

ஊசியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எழுபதைத் தாண்டியும் காதல் பாட்டுப் பாடக் கொஞ்சமும் கூச்சப்படாத மனிதர்.

ஊசி எங்கள் சவுண்ட் இன்ஜினியர். பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் எந்தச் சுருதியில் விழுந்தது என்று சொல்லிவிடுவான் என்பதால் அப்பா வைத்த பெயர் அது.

அவனுடைய திரையில் இரண்டு கோடுகள் ஓடின. சிவப்பு, அப்பா பாடுவது. பச்சை, கணினி அதைத் திருத்தித் தருவது. பச்சை நேராகப் போனது. சிவப்பு ஒவ்வொரு வரியின் முடிவிலும் சரிந்து சரிந்து விழுந்தது.

அப்பாவின் காதுக்குப் போவது பச்சைதான்.

அது என் ஏற்பாடு. மற்றவர்கள் பாடி முடித்தபிறகு சுருதியைத் திருத்துவார்கள். நாங்கள் அவர் பாடப் பாடவே திருத்தி, அந்தக் குரலையே அவருடைய ஹெட்போனுக்கும் அனுப்புகிறோம். நன்றாகச் சத்தமாக வைத்து. அப்போதுதான் அவருடைய சொந்தக் குரல் உள்ளே புகாது.

வேறு வழி இருக்கவில்லை. ஒரு நாள் தன் குரல் நடுங்குவதைக் காதில் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். காப்பி சூடாக இருந்து தொண்டையைச் சுட்டுவிட்டது என்றார். அன்றைக்கு அவர் காப்பியே குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஆல்பங்கள்.

பழைய ஆல்பங்களில் அப்பா மூச்சு வாங்குவது கேட்கும். நாற்காலி முனகும். ஒரு பாட்டில் வாத்தியக்காரர் யாரோ இருமியதுகூட அப்படியே இருக்கிறது. புதியவற்றில் ஒரு தூசி தும்பு கிடையாது. வயது இவருக்கு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அப்பா அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டிவிட்டார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்.

எனக்கும் பெருமைதான். தயாரிப்பாளர் என்று என் பெயர் அல்லவா போட்டிருக்கிறது!

இன்று காலை பல்லெல்லாம் தெரிய ஸ்டூடியோவுக்குள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பாட ஒப்புக்கொண்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு பியானோ, ஒரே ஒரு மைக். ஹெட்போன் கூடாது, கணினி கூடாது என்று அவரே நிபந்தனை போட்டிருக்கிறார். "கலப்படமில்லாத குரல்" என்று சுவரெல்லாம் ஒட்டியும் விட்டார்கள்.



அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில்தான் அவர் தன் குரலைக் கேட்கப்போகிறார். ஓடி ஒளிய அங்கே கழிப்பறைகூட இருக்காது. எப்படியும் கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் இங்கே கேட்கட்டும். நானும் ஊசியும் மட்டும் இருக்கும்போது கேட்கட்டும். கேட்டால் நிகழ்ச்சியை அவரே வேண்டாமென்று சொல்லிவிடுவார்.

வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் பொத்தான். அழுத்தினால் திருத்தம் நின்று அவர் குரலே அவர் காதுக்குப் போகும்.

"வேணாம்க்கா. தாங்க மாட்டாரு" என்றான் ஊசி.

அவன் விரல்மேல் என் விரலை வைத்து நானே அழுத்தினேன்.

பச்சைக் கோடு நின்றது.

எங்கள் அறை ஸ்பீக்கரிலும் குரல் மாறியது. கரகரத்தது. ஏற வேண்டிய இடத்தில் ஏற முடியாமல் பாதியில் நின்றது. இரண்டு சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்கியது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தினமும் என்னைச் சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல் அதுதான்.

அப்பா சட்டென்று நிறுத்தினார்.

கண்ணைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தேன். ஹெட்போனைக் கழற்றியதும் உள்ளே ஓடி அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கழற்றவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அந்த அறையில் அவரையும் மைக்கையும் தவிர ஒரு பியானோவும் நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. மூலையைப் பார்த்தார். குனிந்து பியானோவுக்கு அடியிலும் பார்த்தார்.

ஊசி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா மைக்குக்கு அருகில் வந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"பாப்பா, எவனோ ஒரு கிழவன் என்கூடவே பாடுறான். ஞாயித்துக்கிழமை அவன மேடைப் பக்கமே விட்டுடாத."