தொடக் கூடாத கேமரா

"ரிப்பேரு பண்ணணுங்கிறீங்க, தொடவும் கூடாதுங்கிறீங்க. கண்ணாலயே சரி பண்ண நான் என்ன மந்திரவாதியாண்ணே?"

கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஜெயராஜ் சிரித்தான். வாடகைக் கார் ஓட்டும் கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த குட்டிக் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையிலேர்ந்து ஆன் ஆவல தம்பி. செவப்பு லைட்டே எரியல. அஞ்சு மணிக்கு உங்க அண்ணிக்கு செராமிக் கம்பெனியில வேல வுட்டுடும். நான்தான் போயி ஏத்திக்கணும். அதுக்குள்ள எரிஞ்சாவணும்."

"எரியலன்னா அடிப்பாங்களோ?"

விருத்தாசலத்தில் இந்தக் கதை தெரியாத டிரைவர் கிடையாது. சேத்தியாத்தோப்பு வளைவில் நூறில் போய், காரோடு வயலில் இறங்கிக் கையை ஒடித்துக்கொண்டவர் கொளஞ்சி. கட்டுப் பிரித்த அன்றே அவர் மனைவி வீரம்மாள் தன் கையாலேயே இந்தக் கேமராவை மாட்டிவிட்டாள். எவ்வளவு வேகத்தில் போனாலும் அது தன் போனுக்கு வந்துவிடும் என்று சொல்லியும் வைத்தாள். அன்றிலிருந்து மனிதர் அறுபதைத் தாண்டுவதில்லை. டவுன் பஸ்கூட ஹாரன் அடித்துவிட்டு அவரை முந்திப் போகிறது.

ஜெயராஜ் பியூஸைப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. சார்ஜரை மாற்றிச் சொருகினான். ம்ஹூம், அசையவில்லை.

"மெமரி கார்டு எங்கண்ணே?"

"அதெல்லாம் உள்ளயே இருக்குது. நீ லைட்ட மட்டும் பாரு."

"பொண்டாட்டிக்கு இம்மாம் பயமா?" என்றபடி, கொளஞ்சி தடுப்பதற்குள் கேமராவைப் பிடித்து இழுத்துவிட்டான். கல் மாதிரி கனத்தது. வயர் உள்ளே போகவே இல்லை, சும்மா ஒட்டியிருந்தது. நகத்தால் தட்டினான். 'டிங்' என்றது.

ஜெயராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, நல்லா ஏமாந்தீங்க! இது பீங்கான்! அண்ணி கம்பெனி சூளையில சுட்டு, கருப்பு பெயிண்ட் அடிச்சி, பட்டன் பேட்டரியில ஒரு லைட்ட வச்சி ஒட்டியிருக்காங்க!"

கொளஞ்சி அதைப் பதறி வாங்கி, கீறல் விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டுன அன்னிக்கே எனக்குத் தெரியும் தம்பி. இது நெசமான கேமரான்னு நான் நம்பிட்டேன்னு நெனச்சிக்கிட்டுத்தான், நான் சவாரி போற ராத்திரியில அவ நிம்மதியா தூங்குறா. பேட்டரிய மாத்திக் குடு, மணி நாலரை ஆவுது."