வின்ச்சுக்கு ஒரு மூடி

"நீங்க அந்த வின்ச்சுப் பக்கம் போனீகன்னா, நான் இந்த வாசல்லயே உக்காந்துருவேன். சொல்லிட்டேன்!"

கருப்பம்மாள் போட்ட சத்தத்தில், பஞ்சாலைக்குள் நுழைந்துகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அவள் புருசன் சங்கிலி தயங்கினான்.

"முதலாளி சொல்லிட்டாரே புள்ள. மாட்டேன்னா வேலை போயிரும்."

"வேலை போனா வேற வேலை கெடைக்கும். கை போனா?"



நாகல் நகரை ஒட்டியிருந்த அந்த ஆலைக்குக் கரண்டு மோட்டார் வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. பஞ்சுப் பொதிகளை மாடிக்குத் தூக்கும் வின்ச்சின் பல்சக்கரங்கள், மூடி எதுவும் இல்லாமல் திறந்தபடியே சுற்றின. போன வாரம் வின்ச்சு ஓட்டிய கருப்புசாமியின் விரல்கள் அதில் போய்விட்டன. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவன் இடத்துக்குத்தான் இன்று சங்கிலியைப் போகச் சொல்லியிருந்தார்கள்.

கருப்பம்மாள் சொன்னபடியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் கூட வேலை பார்க்கும் முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். செத்த நேரத்தில் ஆலை வாசலில் கால் வைக்க இடமில்லை.

முதலாளி நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னாத்தா வேணும் ஒங்களுக்கு?"

"சக்கரத்துக்கு ஒரு தகர மூடி. அம்புட்டுத்தான்."

"எண்ணெய் விடணும்னா ஒவ்வொரு தடவையும் அதைக் கழட்டிக்கிட்டு நிக்கணும். வேலை ஓடுமா?"

அப்போது முழுக்கை ஜிப்பா போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தொழிற்சங்கத்துத் தங்கமுத்து. கருப்பம்மாள் ஆள் சொல்லியனுப்ப, காலைப் பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்திறங்கியவர். அங்கே யாரும் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை.

"முதலாளி, சண்டை எதுக்கு? அந்த மிசினைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார்.

"தாராளமா வாங்க. எல்லாருமே வந்து பாருங்க!"

முதலாளியே லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டார் உறுமியது. சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுழன்றன.

"இந்தா, இதை இழுத்தா சட்டுனு நின்னுரும். பராக்குப் பாக்குறவனுக்குத்தான் விரல் போகும். அதுக்கு நான் என்ன பண்ண?"

தங்கமுத்து சக்கரத்தின் பக்கம் குனிந்தார். இடது கைமேல் போட்டிருந்த துண்டின் நுனி பல்லில் சிக்கியது. கண்மூடித் திறப்பதற்குள் துண்டு உள்ளே போனது. பின்னாலேயே கையும் போனது.

"ஐயோ, அம்மா!"

முதலாளி லீவரை இழுத்தார். சக்கரம் நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அப்போதும் நிற்கவில்லை. நறநறவென்று ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. சங்கிலி பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் அது முனகிக்கொண்டே நின்றது. தங்கமுத்து தரையில் சரிந்து கிடந்தார்.

"நானுல்ல அவரை வரச் சொன்னேன்! பாவி, நானுல்ல வரச் சொன்னேன்!" கருப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

 முதலாளி அப்படியே குந்திவிட்டார்.

"நான் இழுத்தேனே... எல்லாரும் பாத்தீகளே, நான் இழுத்தேனே..."

 அவர் கண்ணில் நீர் முட்டியது. திடீரென்று கத்தினார்:

"ஏலே, பிட்டரைக் கூப்பிடுங்க! தகரத்தைக் கொண்டாங்க! மூடி இல்லாம இனி ஒரு சக்கரம்கூட இந்த ஆலையில சுத்தாது. கோட்டை மாரியாத்தா மேல சத்தியம்!"

ஆலையே கேட்ட சத்தியம் அது. மிசின் பழுது பார்க்கும் பிட்டர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அங்கேயே அளவெடுத்து வெட்டத் தொடங்கினார்.

கருப்பம்மாளின் காதில் எதுவும் விழவில்லை. கட்டுப் போடுவதற்காக முந்தானையைக் கிழிக்கப் பிடித்தபடி, தங்கமுத்துவின் ஜிப்பாக் கையை மேலே ஏற்றினாள்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

தங்கமுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார்.

"சேலையைக் கிழிச்சிராத தாயி. இது வாகை மரந்தான், வேற செஞ்சுக்கலாம். நெசக் கை போயி எட்டு வருசமாச்சு!"