பெரியவர்களுக்கான டாக்டர்

“அப்பா, நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்களேன்.”

புது டாக்டருக்கு முன்னாலேயே மகள் இப்படிச் சொன்னதும் டெய்லருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வாயைத் திறந்தது அவர் தப்புதான். மகளுக்குப் பதினெட்டு முடிந்தால் பெரியவர்களுக்கான டாக்டரிடம்தான் போக வேண்டும், அங்கே அவளே பேசட்டும், நீங்கள் சும்மா உட்காரப் பழகுங்கள் என்று குழந்தைகள் டாக்டர் அவருக்கு ஒரு வருஷமாகப் பாடம் எடுத்திருந்தார். இவரும் தலையைத் தலையை ஆட்டியிருந்தார்.

நேற்றுவரை ‘வா கண்ணு’வாக இருந்தவளைப் புது டாக்டர், “வாங்க, உட்காருங்க” என்றபோதே அவருக்கு என்னவோ போலிருந்தது. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதுதான் தாமதம், “எங்களுக்குக் காலையில சுகர் கொஞ்சம் ஜாஸ்திங்க” என்று முந்திக்கொண்டார். பழக்க தோஷம்.

இப்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “பெத்த அப்பாவையே வெளியே போகச் சொல்லுது பாருங்க. நாலு எழுத்து படிச்சிட்டா இப்படித்தான்” என்று உச்சுக் கொட்டினார்.

அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் கண் சாத்திய கதவிலேயே இருந்தது.

தாயில்லாப் பிள்ளை. ஆறு வயதில் வந்த சர்க்கரை. துணியைத் தவிர வேறெதிலும் ஊசி குத்தியறியாத மனுஷன், முதலில் தன் தொடையில் குத்திப் பார்த்துப் பழகிக்கொண்டுதான் அவளுக்குப் போட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைத் துணி மலையாய்க் குவிந்து கிடக்கும். அவளுடைய ஆஸ்பத்திரி நாள் என்றால் கடைக்குப் பூட்டுதான். வாடிக்கைக்காரர்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்றிருந்தவர்.

அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் உள்ளே என்ன ரகசியம்? தன்னைப் பற்றித்தான் புகார் சொல்கிறாளோ? இனிமேல் அப்பா கூட வர வேண்டாம் என்று டாக்டரையே சொல்ல வைக்கப் போகிறாளோ?

ஒருவழியாகக் கதவு திறந்தது. கூப்பிட்டார்கள்.

“உங்க பொண்ணு விஷயத்துல எனக்கு வேலையே இல்லைங்க” என்றார் டாக்டர்.

எந்த மருந்து, எவ்வளவு, காய்ச்சல் வந்தால் அளவை எப்படி மாற்றுவது, சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்வது, கண்ணையும் சிறுநீரகத்தையும் எப்போது சோதிக்க வேண்டும், எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாளாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டும் தெரிந்துகொண்டாளாம்.

டெய்லர் மகளைப் பார்த்தார். ஊசி என்றால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளுமே, அந்தப் பிள்ளையா இது? கோபம் போன இடம் தெரியவில்லை. யாரோ பெரிய மனுஷி முன்னால் நிற்பதுபோல் மலைத்துப்போய் நின்றார்.

“அப்புறம் எதுக்குங்க இவ்வளவு நேரம்?”

“மிச்ச நேரமெல்லாம் வேறொரு பேஷண்ட்டைப் பத்திப் பேசினாங்க. அவருக்குக் கொஞ்ச நாளா ஊசியில நூல் கோக்க முடியலையாம். வெளிச்சம் பத்தலைன்னு பல்பை மாத்தி மாத்திப் போடுறாராம். மிஷின் பெடல்ல இடிச்சுக்கிட்ட கால் புண் ஆறவே மாட்டேங்குதாம். குடம் குடமாத் தண்ணி குடிக்கிறாராம்.”

டெய்லர் வலது காலை மெல்ல இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். “எனக்கென்னங்க, நான் கல்லு மாதிரி இருக்கேன்.”

“இப்படித்தான் சொல்வீங்கன்னும் சொன்னாங்க.”

மகள் எழுந்தாள். அவர் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“எனக்குன்னாதான் நீங்க ஆஸ்பத்திரி வாசலையே மிதிப்பீங்க. பழைய டாக்டர் குழந்தைங்களை மட்டும்தான் பார்ப்பாங்க. உங்களையும் பார்க்கிற டாக்டர்கிட்ட எப்போ மாறுவேன்னுதான்ப்பா நான் காத்துக்கிட்டிருந்தேன்.”