செவ்வாய்க்குள் சுதந்திரம்

இந்தோனேசியாவின் ஜாவாவில், கிளாத்தன் ஊரின் ஓர் உயர்நிலைப் பள்ளி. தேசிய வரலாற்றுக்குப் பாடத்திட்டம் போடத் தலைமையாசிரியர் வர்தோயோவும் சுலஸ்திரி டீச்சரும் உட்கார்ந்தார்கள். அங்கே மரியாதையாக ஆணை ‘பாக்’ என்றும் பெண்ணை ‘இபு’ என்றும் அழைப்பார்கள்.

“செவ்வாய்க்கிழமைக்குள்ள டச்சுக்காரன் நாட்டை விட்டுப் போயாகணும், இபு.”

“முந்நூறு வருஷம் இருந்தவன், பாக்! மூட்டை கட்டவாவது நேரம் குடுங்க.”

“அப்ப அவன் வரவே வேணாம். மஜாபாஹித் பேரரசு முடிஞ்ச கையோட சுதந்திரக் கொடியை ஏத்திடுங்க.”

“யார்கிட்டேருந்து சுதந்திரம்னு பசங்க கேட்டா?”

“கேக்காம பார்த்துக்குங்க. லைப்ரரி கூரை ஒழுகுதில்ல?”

“கூரைக்கும் டச்சுக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?”

“கூரை போட்டுத் தர்றதா சொன்ன ஹாலந்து ஸ்கூல்லேருந்து புதன்கிழமை ஒருத்தர் வர்றாரு. உங்க வகுப்புலதான் உட்காரப்போறாரு. விருந்தாளி முகம் சுருங்கலாமா?”

புதன்கிழமை ஹென்ட்ரிக் வந்தார். வகுப்பில் பேரரசு முடிந்ததும் கொடி ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“நடுவுல நாங்க வரலையா?”

தலைமையாசிரியர் அவசரமாகத் தேநீரை நீட்டினார்.

“கூரை போட்டுத் தர்றோம், பாக். ஆனா எங்க பாட்டன் பூட்டன் இங்க என்னதான் பண்ணாங்கன்னு சொல்லுங்க. போன வருஷம் நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்தப்போ, உங்க முகம் சுருங்கிடுமேன்னு அதைப் பாடத்துலேருந்து எடுத்தாங்க. இன்னும் திருப்பி வைக்கலை.”