அக்கரைப் பூனை

“கீழ என்னடி பாத்துக்கிட்டே இருக்க, ஸ்லாத்தா? அக்கரையில ஒளிஞ்சு உக்காந்து படிக்கிற பிள்ளைக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இல்லையே!”

கத்தியவர் வரலாற்று ஆசிரியை ஹலீனா ஒஸ்தாபிவ்னா. ஸபோரீஷியாவில், குண்டுவீச்சுக்கு அஞ்சி அமைத்த ஒரு நிலத்தடி வகுப்பறை. எதிரே பதினோரு பிள்ளைகள், மடிக்கணினித் திரையில் நான்கு பேர். ஒரு கண்ணை அறையிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

ஸ்லாத்தா குனிந்தபடியே இருந்தாள். கைகள் மேசைக்கு அடியிலேயே இருந்தன. திட்டித் திட்டி டீச்சருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

திரையில் மூவர் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டவர்கள். நான்காவது கட்டத்தில் முகம் இல்லை, குரல் இல்லை, பெயரும் இல்லை. ஒரு பூனைப் படம் மட்டும்.

பூனை இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், ரஷ்யப் படை பிடித்துவைத்திருக்கும் ஊரில். இந்தப் பள்ளியே அந்த ஊர்ப் பள்ளிதான். போர் வந்ததும் இங்கே இடம் மாறியது. ஸ்லாத்தா தப்பி வந்துவிட்டாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளால் வர முடியவில்லை.

இங்கே படிப்பது அங்கே தெரிந்தால் வீட்டுக்கே ஆள் வரும். அதனால் பூனை எழுத்தில் மட்டும்தான் பதில் சொல்வாள்.

இடையில் சில வாரங்கள் அவள் வரவே இல்லை. வராதவர் பெயரை நீக்கச் சொல்லி மேலிடம் நெருக்கியது. நீக்கப்போவதாக ஹலீனா வகுப்பில் சொன்னார். மறுநாளே பூனை வந்துவிட்டாள். அன்று ஹலீனா பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதார். அதன்பிறகுதான் அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

இன்றும் கேள்வியைப் பூனையிடமே கேட்டார். பதில் வரி வரியாக வந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது.

யாரும் பதறவில்லை. தினமும் போவதுதான். டீச்சரின் மடிக்கணினி பேட்டரியில், தனிக் கம்பி இணைப்பில் ஓடியது. பிள்ளைகளின் கைபேசிகளுக்கான வைஃபை பெட்டிதான் அணைந்தது.

போலந்துப் பிள்ளைகள் திரையில் அப்படியே இருந்தார்கள். ஜெர்மனிப் பையன் கொட்டாவி விட்டான்.

பூனையின் கட்டத்தைக் காணவில்லை.

இங்கே கரண்ட் போனால் அக்கரையில் இருப்பவள் ஏன் காணாமல் போக வேண்டும்?

ஹலீனா மெல்ல நிமிர்ந்தார். இருட்டில் ஒரே ஒரு முகத்தில் மட்டும் கீழிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. ஸ்லாத்தா கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரையில் பூனை இருந்த இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியென்றால் அந்தப் பிள்ளை திரும்பி வரவே இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதுகூட இந்த அறையில் யாருக்கும் தெரியாது.

மின்சாரம் வந்தது. சற்று நேரத்தில் பூனையும் வந்தாள். ‘வந்துட்டேன், ஹலீனா ஒஸ்தாபிவ்னா’ என்று எழுத்து ஓடியது.

ஹலீனா சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அங்கே எழுத ஒன்றுமில்லை.

“எங்க இருந்தாலும் மெதுவா எழுதும்மா,” என்றார். “நாங்க காத்திருக்கோம்.”