அவசர வழி

"இந்த டியூட்டரிக்கு அனுமதி குடுக்கக் கூடாது" என்று நாகமணி எழுந்து நின்று சொன்னார்.

மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டிய பெண். கொழும்பு வெள்ளவத்தையில், பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தும் அந்த டியூட்டரிக்கு நேர் பின்வீடு அவருடையது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நகரத் திட்டமிடல் குழுவுக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட இருவர்: புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஆனந்தகிருஷ்ணன், கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்ற றோஸி. நடுவில் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி தாஸிம். அவர்களுடைய பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அவருக்கு.

ஒரு கிழமையாகப் பயிற்சி நடந்தது. வரைபடத்தில் மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கடைத்தெரு. குடியிருப்புப் பகுதியில் வகுப்பு நடத்துவதென்றால் அயலவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். குழுவில் இருப்பவருக்கு அந்தக் காணியில் ஏதும் சம்பந்தம் இருந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

"அப்படிப் பார்த்தா, புறக்கோட்டை விஷயம் வந்தாலே நான் வாசல்லதான் நிக்கணும்" என்று ஆனந்தகிருஷ்ணன் சொல்ல, தாஸிமுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்று பரீட்சை மாதிரி. உண்மையான விண்ணப்பம் ஒன்றை அவர்களே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

"என்ன காரணம் அம்மா? சத்தமா?" தாஸிம் கேட்டார்.

"சத்தம் பிரச்சினையில்லை. அவ்வளவு பிள்ளையளும் படிக்கிற இடத்தில வாசல் ஒண்டுதான். நெருப்புப் பிடிச்சா எங்கால ஓடுறது? பின்பக்கம் ஒரு அவசர வழி வேணும். சட்டத்தில அப்பிடி இருக்குத்தானே?"

"இருக்கு. தேவையென்று கண்டா குழு நிபந்தனை போடலாம்."

"அப்ப போடுங்கோ."

டியூட்டரி நடத்தும் செல்லையா மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "பின்பக்கம் முழுக்க இவவின்ர மதில். நான் எங்க வழி விடுறது? ஆகாயத்திலயோ?"

மண்டபம் சிரித்தது. போக்குவரத்து பற்றிச் சொல்ல வந்திருந்த பொலிஸ் சார்ஜன்டுக்கும் யாரோ சிங்களத்தில் சொல்ல, அவரும் சிரித்தார்.

நாகமணி சிரிக்கவில்லை. "வழி இல்லாட்டி அனுமதியும் இல்லை. அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் இடைவேளையில் ஆனந்தகிருஷ்ணன் பிஸ்கட்டைத் தோய்த்தபடி சொன்னார்: "நல்ல மூளைங்க அந்தம்மாவுக்கு. நடக்காததைக் கேட்டு டியூட்டரியை மூடப் பாக்குது."

"பிள்ளைகள் படிக்கிறது கண்ணில குத்துது போல. நான் பாக்காத அயல்வீட்டுக்காரரா?" என்றார் றோஸி. "ஆட்சேபனையைத் தள்ளிவிடுவோம்."

"இடத்தைப் போய்ப் பாக்காம முடிவெடுக்க ஏலாது மிஸ். அதுவும் பாடம்தான்" என்றார் தாஸிம்.

பின்னேரம் வான் வண்டியில் போனார்கள். பிரதான சாலையான காலி வீதியிலிருந்து டியூட்டரி ஒழுங்கைக்குள் திரும்ப முடியவில்லை. போர்க்காலச் சோதனை; வகுப்பு விட்டு வந்த பெடியன்களை ஆமிக்காரர்கள் வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு விலாசம் உள்ளவர்களெல்லாம் ஒரு பக்கம், ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போவதற்கு. செல்லையா மாஸ்டர் அவர்களுக்கும் ட்ரக்குக்கும் நடுவில் நின்று, "மஹத்தயா, மே அபே லமய்" என்று, எல்லாம் நம்முடைய பிள்ளைகள் என்று, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

றோஸி இறங்கினார். தன் பழைய அதிபர் குரலில், நல்ல சிங்களத்தில், பொறுப்பான அதிகாரியோடு கதைத்தார். அன்றைக்கு எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

"அடிக்கடி இப்பிடித்தான் மிஸ்" என்று மாஸ்டர் முகத்தைத் துடைத்தார். "ஒவ்வொரு நாளும் நீங்கள் வருவியளோ?"



ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனார்கள். நாகமணியே கேற்றைத் திறந்தார். முற்றத்தில் மதிலோரம் இருந்த பூச்சாடிகள் எல்லாம் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. மதிலில் கரியால் ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டம் கீறியிருந்தது. பக்கத்தில் பழைய பலகைக் கதவு ஒன்று சாய்ந்து நின்றது.

ஆனந்தகிருஷ்ணன் கட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இது என்னங்கம்மா?"

"மதிலை உடைச்சுக் கதவு போட மேசனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். என்ர முற்றத்தால வந்து இந்தக் கேற்றால போனா நேர ரயில் ஸ்டேஷன். பிள்ளையள் காலி வீதிப் பக்கம் போகவே தேவையில்லை. உங்கட கடிதம் வரட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

தாஸிம் கேற்றுக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்தார்.

"அப்ப இதை நேரா மாஸ்டரிட்டச் சொல்லி, நீங்களே கதவைப் போட்டிருக்கலாமே?" றோஸி கேட்டார். "என்னத்துக்கு அத்தனை பேருக்கு முன்னால எழும்பி நின்று ஆட்சேபனை?"

நாகமணி கேற்றைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நானாக் கதவு போட்டா, பெடியளை ஒளிச்சு விடுறன் எண்டு என்னைத்தான் முதல்ல ட்ரக்கில ஏத்துவாங்கள். நீங்கள் போடச் சொன்னா அது சட்டமெல்லோ மிஸ்."